ஸ்பிரிங் இல்லாத மடக்குக் கத்தி: இடைக்கால ஐரோப்பிய முறையில் கையால் செய்ய முழுமையான வழிகாட்டி

இடைக்கால ஐரோப்பாவின் மடக்குக் கத்தியில் ஸ்பிரிங் கிடையாது, பூட்டும் கிடையாது. ஒரு கொம்புத் துண்டு, அதில் ஒரு காடி (நீளமான பள்ளம்), காடிக்குள் ஓர் அலகு, இரண்டையும் கோக்கும் ஓர் ஆணி. அவ்வளவுதான். ஆணியைச் சுற்றியுள்ள உராய்வும், அலகின் முதுகு காடியின் அடித்தளத்தில் போய் முட்டுவதும் சேர்ந்துதான் திறந்த அலகை நிறுத்துகின்றன. பிடியின் முதுகில் எஃகு ஸ்பிரிங் வைத்த கத்திகள் 17-ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு போன்ற ஊர்களில்தான் பரவின. அதனால் இடைக்காலக் கத்தி என்று சொல்லி ஸ்பிரிங் வைத்தால் காலமே தப்பிவிடும்.

மடக்குக் கத்தி என்ற எண்ணம் அதைவிடப் பழையது. ரோமானியர்களிடம் வெண்கலப் பிடி போட்டவை இருந்தன. இடைக்காலத்தில் பெரும்பாலோர் இடுப்பில் உறையோடு கத்தியைத் தொங்கவிட்டுக்கொண்டார்கள். அகழாய்வுகளில் மடக்குக் கத்தி கிடைப்பது குறைவு. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1976 முதல் 1981 வரை நடந்த காப்பர்கேட் அகழாய்வில் கிடைத்தவற்றில் ஒரு வகை மிக அழகானது. அலகுக்கு இரண்டு முனை, நடுவில் ஆணி. ஒரு முனையை வெளியே திருப்பினால் மறு முனை பிடிக்குள் போய்விடும். அதைச் செய்ய இரட்டிப்பு வேலை. முதல் கத்திக்கு ஒற்றை அலகே போதும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் அலகு வடிவம், 9 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரையிலான இங்கிலாந்துக் கத்திகளில் அடிக்கடி காண்பது. முதுகு நேராக ஓடி, பாதிக்கு மேல் திடீரென்று சரிந்து, நுனியில் வாயோடு (வெட்டும் விளிம்போடு) சேர்கிறது. மடக்குக் கத்திக்கு இது பாதுகாப்பான வடிவமும்கூட: மடக்கும்போது நுனி காடியின் ஆழத்துக்குள் போய்விடும், வெளியே நீட்டிக்கொண்டு கையைக் குத்தாது. கீழே தரும் அளவுகள் எந்த ஒரு பழங்கத்தியின் நகலும் அல்ல. அந்த வடிவத்துக்கு ஒத்துப்போகும்படி, கையால் செய்ய வசதியாக வகுத்தவை.

முதலில் அட்டையில்

இந்தக் கத்தியின் சூட்சுமம் முழுவதும் ஆணியைச் சுற்றியுள்ள ஒரே அளவில் இருக்கிறது: 7 மி.மீ. தீ மூட்டுவதற்கு முன்பே அதை அட்டையில் வெட்டிப் பார்த்துவிட வேண்டும். இந்த ஒரு மணி நேர வேலையைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு கொம்பையும் எஃகையும் வீணாக்குகிறார்கள்.

பிடி: நீளம் 115 மி.மீ., உயரம் 21 மி.மீ., கனம் 13 மி.மீ. காடி வயிற்றுப் பக்கத்திலிருந்து (அலகு மடங்கி நுழையும் பக்கம்) 15 மி.மீ. ஆழம் போகிறது, முதுகுப் பக்கத்தில் 6 மி.மீ. கனம் வெட்டாமல் நிற்கும். முன்முனையில் காடி திறந்திருக்கும். பின்முனையில் 9 மி.மீ. மூடியிருக்கும். ஆணியின் மையம் முன்முனையிலிருந்து 12 மி.மீ., காடித்தளத்திலிருந்து 7 மி.மீ.

அலகு: ஆணி மையத்திலிருந்து நுனி வரை 92 மி.மீ. திறந்தால் 80 மி.மீ. வெளியே நிற்கும். ஆணியிலிருந்து முன்னால் 16 மி.மீ. வரை சாணை பிடிக்காத கழுத்து. கழுத்தின் மேல்விளிம்பு ஆணி மையத்திலிருந்து 7 மி.மீ., கீழ்விளிம்பும் 7 மி.மீ. கழுத்து முடிந்ததும் வாய் 1 மி.மீ. உள்வாங்கி, ஆணிக் கோட்டிலிருந்து 6 மி.மீ. தூரத்தில் ஓடும். ஆணிக்குப் பின்னால் அலகின் அடிப்பகுதி, ஆணியை மையமாக வைத்து 6.8 மி.மீ. ஆரமுள்ள அரைவட்டம்.

ஏன் இப்படி? அலகு திறக்கும்போது அந்த அரைவட்டம் காடித்தளத்தை உரசியபடி சுழல்கிறது. ஆரம் 7-ஐத் தாண்டினால் பாதி வழியிலேயே முட்டிக்கொள்ளும். முழுவதும் திறந்ததும் கழுத்தின் முதுகு, ஆணிக்கு முன்னாலுள்ள 12 மி.மீ. தளத்தில் படிந்து அலகை நிறுத்தும். மடக்கும்போது கழுத்தின் கீழ்விளிம்பு அதே தளத்தில் படியும், 1 மி.மீ. உள்வாங்கிய வாய் தளத்தைத் தொடாமல் தப்பிக்கும். அந்த 1 மி.மீ. இல்லையென்றால் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் வாய் கொம்பில் மோதி மழுங்கும்.

கெட்டி அட்டையில் இரண்டையும் வெட்டி, குண்டூசியை ஆணியாகக் குத்திச் சுழற்றுங்கள். பிடி அட்டையில் காடியின் எல்லையைப் பென்சிலால் வரைந்துகொண்டால் எங்கே இடிக்கிறது என்பது உடனே தெரியும். சரியாக வந்த அலகு அட்டையை மெல்லிய தகரத்தில் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரம் போடும்போது அதுதான் அளவுகோல்.

பிடிக்கான பொருள்

இடைக்கால ஐரோப்பாவில் மான்கொம்பு, எலும்பு, மாட்டுக்கொம்பு, பாக்ஸ்வுட் என்னும் நெருக்கமான மரம் ஆகியவற்றில் கத்திப் பிடி செய்தார்கள். மான்கொம்பின் உள்ளே பஞ்சு போன்ற பகுதி உண்டு, வெளிப்புறம் கெட்டி. காடி அந்தப் பஞ்சுப் பகுதியிலேயே விழும் என்பதால் இந்த வேலைக்கு அது மிகப் பொருத்தம். ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருப்பவர்கள் மான் தானாக உதிர்த்த கொம்பைக் கடையில் வாங்கலாம். அறுப்பதற்கு முன் ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவைத்தால் ரம்பம் எளிதாக இறங்கும்.

இந்தியாவில் அந்த வழி கிடையாது. புள்ளிமான், கடமான் கொம்புகளை வாங்குவதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'காட்டில் உதிர்ந்து கிடந்தது' என்றாலும் எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. எருமைக் கொம்பின் நுனிதான் இங்கே சிறந்த மாற்று. கொம்பின் அடிப்பகுதி குழல் மாதிரி உள்ளீடற்றது. நுனியிலுள்ள கெட்டிப் பகுதி மட்டுமே நமக்கு ஆகும். வாங்கும்போது ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குழல் எங்கே முடிகிறது என்று பாருங்கள். அதற்கு மேல் குறைந்தது 125 மி.மீ. கெட்டியாக இருக்க வேண்டும். நுனி வளைந்திருந்தால் கொதிநீரில் அரைமணி நேரம் போட்டு, இளகியதும் இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைஸில் இறுக்கி, முழுக்க ஆறும்வரை விட்டுவிடுங்கள். பிறகு சில வாரங்கள் நிழலில் காயட்டும். ஈரம் போகாத கொம்பில் காடி வெட்டினால், அது காயும்போது காடியின் இருபுறச் சுவர்களான கன்னங்கள் உள்நோக்கி வளைந்து அலகைக் கவ்விக்கொள்ளும்.

மாட்டின் கால் எலும்பில் 13 மி.மீ. கனத்துக்கு ஒரே துண்டு கிடைக்காது. எலும்புதான் வேண்டுமென்றால் இரண்டு தகடும் நடுவில் ஒரு துண்டுமாக ஆணியடித்துச் சேர்க்க வேண்டும். மரமென்றால் கருங்காலி, அல்லது நன்கு காய்ந்த புளியமரத்தின் வைரப்பகுதி நிற்கும். தேக்கு இந்த வேலைக்கு மென்மை. ஆணித்துளை சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கொம்பு, எலும்பு எதை அறுத்தாலும் முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. நாற்றமும் வீட்டுக்குள் தங்கிவிடும்.

அலகுக்கான இரும்பு

பழைய கொல்லர்கள் முழுக்க எஃகில் கத்தி செய்யவில்லை. எஃகு அரிய பொருள். மென்மையான இரும்பை உடம்பாக வைத்து, வாய்க்கு மட்டும் ஒரு எஃகுப் பட்டையைப் பற்றவைத்தார்கள். அதைப் பின்னால் பார்ப்போம். முதல் கத்திக்கு ஒரே எஃகில் செய்வதுதான் நல்லது.

6 அங்குலப் பழைய தட்டை அரம் போதும், ஆனால் தரமானதாக இருக்க வேண்டும். மலிவான அரங்கள் சிலவற்றில் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். உள்ளே சாதா இரும்பு. சோதிக்க வழி: நுனியில் 1 செ.மீ. அளவைத் துணியால் சுற்றி வைஸில் பிடித்து, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு சுத்தியலால் தட்டுங்கள். சட்டென்று முறிந்து, உள்ளே முழுவதும் ஒரே சீரான சாம்பல் நிற நுண்மணல் போலத் தெரிந்தால் நல்ல அரம். வளைந்தாலோ, விளிம்பில் ஒரு நிறமும் நடுவில் வேறு நிறமும் தெரிந்தாலோ வேண்டாம். அரம் கிடைக்காவிட்டால் 3 மி.மீ. கனமுள்ள 1080 அல்லது 1095 எஃகுப் பட்டை (கரிமம் மிகுந்த எஃகு வகைகள்) வாங்கலாம். லாரி ஸ்பிரிங் பட்டையும் ஆகும். ஆனால் அதன் கனத்தை 3 மி.மீ.க்கு அடித்து இறக்க ஒருவர் உலையிலும் ஒருவர் சம்மட்டியிலும் நிற்க வேண்டியிருக்கும்.

அரத்தை முதலில் இளக்க வேண்டும். மரக்கரி உலையில் செந்நிறம் வரும்வரை காய்ச்சி, சூடான சாம்பல் நிரம்பிய டப்பாவில் புதைத்து ஒரு இரவு விடுங்கள். மறுநாள் வேறொரு அரத்தால் ராவினால் தூள் சுலபமாக விழ வேண்டும்.

அடுத்தது பற்கள். அடிப்பதற்கு முன் அரத்தின் பற்களை முழுவதுமாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள். பற்களோடு அடித்தால் அவை மடிந்து உள்ளே புதையும். பார்வைக்கு வழவழப்பாக இருக்கும், தோய்ச்சல் கொடுக்கும்போது (காய்ச்சிய எஃகை எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும்போது) அதே கோடுகளில் விரிசல் விடும்.

அடித்து வடிவெடுத்தல்

ஆரஞ்சு நிறத்தில் எடுத்து அடிக்கத் தொடங்குங்கள். மங்கிய சிவப்பானதும் நிறுத்தி மறுபடி உலையில் வையுங்கள். மங்கிய பிறகும் அடித்தால் உள்ளுக்குள் வெடிப்பு விழும். வெள்ளை நிறம் வந்து பொறி பறந்தால் எஃகு எரிந்துவிட்டது. அந்த முனையை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை.

முதலில் கனத்தை 3 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். பிறகு முதுகின் சரிவை அடித்து நுனியைக் கூராக்குங்கள். கடைசியில் வாய்ப்பக்கம். அந்தப் பக்கம் அடிக்க அடிக்க அது நீளும். அதனால் அலகு முழுவதும் முதுகுப் பக்கம் வளையும். முன்னதாகவே அலகை வாய்ப்பக்கம் லேசாக வளைத்து வைத்துக்கொண்டால், வாயை அடித்து முடிக்கும்போது தானாக நேராகிவிடும். கழுத்துப் பகுதியைத் தொடவே வேண்டாம். அது தட்டையாக, இருபுறமும் இணையாக இருக்க வேண்டும்.

அடித்த பின் எஃகின் உள்மணியைச் சீராக்க வேண்டும். காந்தம் ஒட்டாத சூடு, ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸ், வந்ததும் இன்னும் சற்று ஏற்றி, வெளியே எடுத்துக் காற்றில் ஆறவிடுங்கள். இப்படி மூன்று முறை. கடைசியாக ஒருமுறை சாம்பலில் புதைத்து இளக்குங்கள்.

இனி அரம். தகர அச்சை மேலே வைத்து ஊசியால் கோடு கீறி, கழுத்தையும் அடி அரைவட்டத்தையும் கோடு வரை ராவுங்கள். கழுத்தின் முதுகில் மட்டும் 0.3 மி.மீ. கூடுதலாக விட்டுவைங்கள், பொருத்தும்போது அதுதான் கைகொடுக்கும். கழுத்தின் கனம் 2.5 மி.மீ., நுனிக்குப் போகப் போக முதுகு 1.2 மி.மீ. வாயை இப்போது கூராக்காதீர்கள். 0.8 மி.மீ. கனம் இருக்கட்டும்; மெல்லிய வாய் தோய்ச்சலில் நெளியும், வெடிக்கும்.

ஆணித்துளையைத் தோய்ச்சலுக்கு முன்பே போட வேண்டும். சென்டர் பஞ்சால் குறிவைத்து, முதலில் 2 மி.மீ., பிறகு 3 மி.மீ. துளை மையத்திலிருந்து 0.2 மி.மீ. விலகினாலும் பலன் தெரியும். ஆணியிலிருந்து 12 மி.மீ. தூரத்தில் 0.2 மி.மீ. என்பது ஏறக்குறைய 1 டிகிரி, 92 மி.மீ. தள்ளியுள்ள நுனியில் அது 1.5 மி.மீ. ஏற்றமாகவோ இறக்கமாகவோ வந்து நிற்கும்.

தோய்ச்சலும் பதமும்

ஒரு லிட்டர் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ உயரமான இரும்புப் பாத்திரத்தில். 50–60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். குளிர்ந்த எண்ணெயைவிட இளஞ்சூடானது வேகமாக வெப்பத்தை இழுக்கும். தண்ணீரில் தோய்த்தால் அரத்து எஃகு பெரும்பாலும் வெடிக்கும். பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம், அதன் புகை நச்சு. பாத்திரத்துக்குப் பக்கத்தில் பொருத்தமான மூடியை வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் மூட வேண்டும், ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது.

வெளிச்சம் குறைவான இடத்தில் செய்தால்தான் நிறம் தெரியும். அலகைக் கரியின் மேல் முன்னும் பின்னும் நகர்த்திச் சீராகக் காய்ச்சுங்கள். காந்தம் விட்ட பின் இன்னும் ஒரு சாயல் பளிச்சென்று ஆனதும் (800 டிகிரியை ஒட்டி) நுனி கீழாக, நேராக எண்ணெயில் இறக்குங்கள். மேலும் கீழுமாக மட்டும் அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து அலகு வளைந்துவிடும்.

சுமார் 10 நொடி கழித்து வெளியே எடுத்து ஒரு கண்ணால் முதுகை நோக்குங்கள். வளைந்திருந்தால், கைசுடும் சூட்டில் இருக்கும் அந்தச் சில நொடிகளில் தோல் கையுறையோடு நிமிர்த்த முடியும். முழுக்க ஆறிய பின் நிமிர்த்தினால் ஒடியும். ஆறியதும் ஒரு நல்ல அரத்தை வாயில் ஓட்டுங்கள். பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் ஏறிவிட்டது. பிடித்தால் சூடு போதவில்லை, மறுபடி செய்யலாம்.

இந்த நிலையில் அலகு கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தால் உடையும். அன்றைக்கே பதம் இறக்குங்கள், அதாவது மிதமாகச் சூடாக்கி முறியும் தன்மையைக் குறைத்துவிடுங்கள். உப்புத்தாளால் ஒரு பக்கத்தைப் பளபளப்பாக்கி, வீட்டு ஓவனில் 220 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி ஒரு மணி நேரம். வைக்கோல் மஞ்சள் நிறம் படர வேண்டும். ஓவன் இல்லையென்றால் செந்நிறமாகக் காய்ச்சிய தடித்த இரும்புப் பாளத்தின் மேல் அலகின் முதுகை வைத்து, நிறம் முதுகிலிருந்து வாய்க்கு நகர்வதைப் பாருங்கள். வாய் வைக்கோல் நிறமானதும் தண்ணீரில் நனைத்துவிடுங்கள். அக்காலக் கொல்லருக்கு வெப்பமானி கிடையாது, இந்த நிறம்தான். கடைசியில் கழுத்தையும் அடி அரைவட்டத்தையும் மட்டும் நீலம் வரும்வரை அதே பாளத்தில் காட்டுங்கள். அப்போது வாய்ப்பகுதியை ஈரத்துணியில் சுற்றியிருக்க வேண்டும். ஆணித்துளையைச் சுற்றி எஃகு சற்று மென்மையாக இருந்தால்தான் ரிவெட் அடிக்கும்போது (ஆணிமுனையைத் தட்டித் தலையாக்கும்போது) விரிசல் விடாது.

எஃகு வாய் பற்றவைத்த அலகு

கைபழகிய பின் இதைச் செய்துபாருங்கள். பழைய கத்தியின் உண்மையான உடலமைப்பு இதில்தான் இருக்கிறது. 3 மி.மீ. கனம், 30 மி.மீ. அகலமுள்ள மென் இரும்புப் பட்டையை நீளவாக்கில் மடித்து, அதன் பிளவுக்குள் 2 மி.மீ. எஃகுப் பட்டையைச் செருகுங்கள். சேரும் முகங்கள் அனைத்தும் அரம் போட்டுப் பளிச்சென்று இருக்க வேண்டும். செந்நிறத்தில் வெங்காரத்தை (போராக்ஸ்) தூவுங்கள். பழங்காலத்தில் இதற்குச் சுத்தமான மணல் பயன்பட்டது. வெங்காரம் உருகிக் கண்ணாடிபோலப் பரவியதும் பளிச்சென்ற மஞ்சள் நிறம்வரை ஏற்றி, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வேகமாக, லேசான அடிகளாக அடித்துப் பற்றவையுங்கள். ஓங்கி அடித்தால் உருகிய வெங்காரம் தெறிக்கும், எஃகும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதிகம் காய்ச்சினால் இரும்புக்கு முன் எஃகு எரியும். பற்றியிருக்கிறதா என்று பார்க்க, காயும்போது நிறத்தைக் கவனியுங்கள்: ஒட்டாத இடம் கருங்கோடாகத் தெரியும். மறுபடி வெங்காரம் போட்டு அந்த இடத்தை மட்டும் அடியுங்கள். பிறகு 3 மி.மீ.க்கு இறக்கி, வாய்ப்பக்கம் எஃகு வெளிப்படும்வரை ராவினால் போதும்.

காடி வெட்டுதல்

இங்கே பலர் செய்யும் தவறு, பிடியை அழகாக உருட்டிச் செதுக்கிய பிறகு காடி வெட்ட உட்கார்வது. உருண்ட பொருளை வைஸில் நேராகப் பிடிக்க முடியாது; ரம்பம் சாய்ந்து ஒரு கன்னம் 3 மி.மீ.யும் மறு கன்னம் 7 மி.மீ.யுமாகப் போய்விடும். ஆறு முகமும் சதுரமான கட்டையாக இருக்கும்போதே துளையும் காடியும் முடிந்துவிட வேண்டும்.

முதலில் துளை. கட்டையின் முன்முனையிலிருந்து 12 மி.மீ., முதுகிலிருந்து 13 மி.மீ. (6 மி.மீ. கனமும் 7 மி.மீ. தூரமும் சேர்ந்து). 2.9 மி.மீ. பிட்டால் நேர் செங்குத்தாக, ஒரே மூச்சில் இருபுறமும். காடி வெட்டும் முன் துளை போட்டால்தான் இரண்டு கன்னங்களிலும் துளை ஒரே நேர்கோட்டில் நிற்கும்.

பிறகு வயிற்றுப் பக்கத்தில் நடுக்கோடும், அதன் இருபுறமும் 1.3 மி.மீ. தள்ளிக் காடிக் கோடுகளும். மூன்று ஹேக்ஸா பிளேடுகளை ஒரே சட்டத்தில் சேர்த்து மாட்டினால் 2.3 மி.மீ. அளவில் ஒரே வெட்டாக விழும். முன்முனையிலிருந்து சாய்வாக இறங்கி, படிப்படியாகப் பின்னுக்கு நகருங்கள். பின்முனை மூலையில் ரம்பம் எட்டாது. உடைந்த ஹேக்ஸா பிளேடின் முனையைச் சாணையில் நேராகத் தீட்டி, சின்ன உளியாக்கிச் சுரண்டி எடுங்கள். 2 மி.மீ. இரும்புப் பட்டையில் உப்புத்தாளை ஒட்டி, இரண்டு கன்னங்களையும் மாறி மாறித் தேய்த்து 2.6 மி.மீ. ஆக்குங்கள். அலகு விரலால் தள்ளினால் போகவேண்டும், தானாக விழக்கூடாது.

ஆழத்தை ஒரேயடியாக 15 மி.மீ.க்குக் கொண்டுபோகாதீர்கள். 14.5-ல் நிறுத்தி, தற்காலிகமாக 2.9 மி.மீ. பிட்டையே ஆணியாகச் செருகி அலகைச் சுழற்றுங்கள். விளக்குப் புகைக் கரியை அலகின் அடி அரைவட்டத்திலும் கழுத்திலும் தடவினால், முட்டும் இடம் காடித்தளத்தில் கறுப்பாகப் பதியும். அங்கே மட்டும் சுரண்டுங்கள். அரைவட்டம் தடையின்றிச் சுழலத் தொடங்கியதும் தளத்தை விட்டுவிட்டு, அலகுக் கழுத்தின் முதுகில் விட்டுவைத்த 0.3 மி.மீ.யைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லில் தேய்த்து அலகை நேர்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். நுனி கீழே தொங்கினால் இன்னும் தேய்க்கலாம். நுனி மேலே தூக்கிக்கொண்டால் அளவு தாண்டிவிட்டது. கொம்பை மறுபடி வளர்க்க முடியாது. அந்த நிலையில் காடித்தளத்தின் முன்பகுதியில் 0.3 மி.மீ. பித்தளைத் தகடு ஒன்றை ஒட்டுவதே மிஞ்சிய வழி.

மடக்கிப் பார்க்கும்போது வாய்க்கும் தளத்துக்கும் நடுவே ஒரு தடித்த காகிதம் போய்வர வேண்டும்.

பிடியைச் செதுக்குதல்

இனி உருட்டலாம். அரத்தால் மூலைகளை மழுக்கி, உப்புத்தாள் 120, 240, 400 என்று இறங்குங்கள். ஆணியைச் சுற்றியுள்ள 10 மி.மீ. பரப்பை மட்டும் தட்டையாக விடுங்கள், வாஷர் அங்கேதான் உட்காரும். முன்முனையின் முதுகுப் பக்கத்தையும் மெலிதாக்காதீர்கள். நீங்கள் அழுத்தி வெட்டும்போது அலகு தூக்கும் விசை முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. மெலிந்த கத்திகள் அந்த இடத்தில்தான் பிளக்கின்றன.

மடக்கிய அலகின் முதுகு பிடிக்குள் 1 மி.மீ. புதைந்திருக்கும். அதை விரலால் பற்றி இழுக்க, வயிற்றுப் பக்கத்தில் முன்முனையிலிருந்து 55–70 மி.மீ. இடைவெளியில் 4 மி.மீ. ஆழப் பள்ளம் ஒன்றை ராவிவிடுங்கள். நகம் மாட்டும் கீறலை அலகில் வெட்டுவதைவிட இது இந்தக் கத்தியின் எளிமைக்கு ஒத்துப்போகிறது.

அலங்காரம் வேண்டுமென்றால் புள்ளியும் அதைச் சுற்றி வட்டமும். அக்கால எலும்பு, மான்கொம்புப் பொருள்களில், சீப்பு முதல் கத்திப்பிடி வரை, திரும்பத் திரும்ப வரும் வடிவம் இது. கருவியை நாமே செய்துகொள்ளலாம்: 5 மி.மீ. அகலமுள்ள எஃகுப் பட்டையின் முனையில், ஊசி அரத்தால் நடுவில் ஒரு கூர்முனையும் இருபுறம் இரண்டு சிறு பற்களும் விடுங்கள். நடுமுனை 0.5 மி.மீ. நீண்டிருக்க வேண்டும். அதை ஊன்றி, உள்ளங்கைகளுக்கு நடுவே கைப்பிடியை உருட்டினால் வட்டம் விழும். முதலில் லேசாக, பல் பாதை பிடித்த பிறகு அழுத்தலாம். வெளிர் நிற எலும்பிலும் மான்கொம்பிலும் புகைக்கரியைத் தேன்மெழுகோடு குழைத்து அந்தப் பள்ளத்தில் தேய்த்தால் எடுப்பாகத் தெரியும்.

கொம்புக்கு மெருகு ஏற்ற, பொடித்த மரக்கரியை ஈரத்தோலில் தொட்டுத் தேய்த்து, பிறகு சாக்பீஸ் தூளால் முடியுங்கள். மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துப் பிறகு எறியுங்கள்.

ஆணி அடித்தல்

3 மி.மீ. பித்தளைக் கம்பி அல்லது மென் இரும்புக் கம்பி. பித்தளையை மங்கிய சிவப்புக்குக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும்; இரும்பைக் காய்ச்சி மெல்ல ஆறவிட வேண்டும். ரிவெட் அடிக்கும்போது ஆணி விரியும், கொம்பு அந்த விரிவைத் தாங்காது. அதனால் இருபுறமும் 7 மி.மீ. அகலம், 0.8 மி.மீ. கனமுள்ள பித்தளை வாஷர்கள். வாஷர் துளையின் வெளிவாயைப் பெரிய பிட்டால் லேசாகக் குடைந்துகொள்ளுங்கள், ஆணித்தலை அதற்குள் நிரம்பிப் பிடித்துக்கொள்ளும்.

வாஷருக்கு வெளியே இருபுறமும் 1.5 மி.மீ. நீட்டும்படி ஆணியை வெட்டுங்கள். அதிகம் நீட்டினால் நடுவில் வளைந்து அலகைச் சாய்க்கும். குறைந்தால் தலை விழாது. அலகின் ஒரு புறத்தில் எண்ணெய் தோய்த்த சாதாரண எழுதுதாள் துண்டு ஒன்று வையுங்கள். தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ.; அலகு சுழலத் தேவையான இடம் அதுவே. 100–150 கிராம் பால்பீன் சுத்தியலால் (ஒரு பக்கம் உருண்டைத் தலையுள்ளது), ஆணியின் நடுவில் அடிக்காமல் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஐந்தாறு தட்டுக்கு ஒருமுறை திருப்பிப் போட்டு மறுபக்கம். ஒவ்வொரு திருப்பலுக்கும் அலகைத் திறந்து மடக்கிப் பாருங்கள். சற்று இறுக்கமாக வந்ததும் நிறுத்தித் தாளை இழுத்தெடுங்கள்.

பிடியைக் கிடையாகப் பிடித்து, அலகைப் பாதி திறந்து லேசாக உதறினால் அலகு நகரக் கூடாது. இரண்டு விரலால் சிரமமின்றித் திறக்க வேண்டும். அதிக இறுக்கமென்றால் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டுப் பலமுறை திறந்து மூடுங்கள். அப்படியும் இளகாவிட்டால், பெரிய துளையுள்ள இரும்புத் துண்டின் மேல் ஒரு வாஷரை நிறுத்தி, மறுபக்க ஆணித்தலையை மெல்லத் தட்டுங்கள், சிறிது தளரும். பக்கவாட்டில் ஆடினால் காடி அகலமாகிவிட்டது. ஆணியை ராவி எடுத்து, அலகின் இருபுறமும் 0.2 மி.மீ. பித்தளை வாஷர் வைத்து மறுபடி அடியுங்கள். ஆட்டத்தை நிறுத்த ரிவெட்டை மேலும் அடிப்பது கன்னத்தைப் பிளப்பதில் முடியும்.

வாய் தீட்டுதல்

இதைக் கடைசியில் செய்யுங்கள். ஆணி அடிக்கும்போது கூரான அலகு வேண்டாம். முதலில் அலகின் இரு முகங்களையும் முதுகிலிருந்து சீராகத் தேய்த்து, வாயின் கனத்தை 0.3 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். கிரைண்டர் பிடித்தால் இரண்டு நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் நனைக்க வேண்டும். நீலம் படர்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. பிறகு 400, 1000 கற்களில் பக்கத்துக்கு 15–18 டிகிரி சாய்வில், எதிர்ப்பக்கம் முழுநீளமும் பிசிறு எழும்வரை. கடைசியில் தோல்வாரில் வாய் பின்னால் வரும்படி இழுங்கள்.

பயன்பாடும் பராமரிப்பும்

இந்தக் கத்தி இழுத்து வெட்டுவதற்கு: பழம், ரொட்டி, கயிறு, தோல், மரச்செதுக்கு. குத்துவதற்கோ நெம்புவதற்கோ அல்ல. பூட்டில்லாத அலகு, முதுகில் அழுத்தம் வந்தால் விரல்மேல் மடங்கும்.

பிரிட்டனில் பூட்டில்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு (7.62 செ.மீ.) மிகாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் எடுத்துச்செல்லலாம். மேலே சொன்ன அளவில் வாய் 76 மி.மீ.; எல்லையை ஒட்டி நிற்கிறது. அங்கே இருப்பவர்கள் அலகையும் பிடியையும் 5 மி.மீ. குறைத்துக்கொள்வது நல்லது. இந்த அளவுக் கத்தியை விமானத்தில் கைப்பையில் வைக்க அனுமதி கிடைக்காது.

எலுமிச்சை, தக்காளி வெட்டினால் அலகில் சாம்பல் கறை படியும். அது கெடுதல் இல்லை, போகப் போகத் துருவைத் தடுக்கும். உப்புத் தண்ணீரும் காடிக்குள் தேங்கும் ஈரமும்தான் எதிரி. பயன்படுத்தியதும் துடைத்து, திறந்தபடியே காயவைத்து, ஆணியில் ஒரு துளி எண்ணெய். கடலை எண்ணெய் போன்ற சமையல் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாகி இறுகிவிடும். கோடையில் கொம்பு சுருங்கி அலகு இறுகினால் அவசரப்பட்டு ஆணியைத் தளர்த்தாதீர்கள், மழைக்காலத்தில் அது தானாக இளகும். மாறாக, இரண்டு பருவமும் பார்த்த பிறகும் அலகு தளர்வாகவே இருந்தால், ஒரு பக்க ஆணித்தலையை இரும்பின் மேல் நிறுத்தி மறுபக்கத்தில் இரண்டே தட்டு தட்டி, திறந்து பார்த்து, தேவைப்பட்டால் இன்னொன்று.